மஞ்சள் ஏறிய பெட்டிகள்

போன வாரம் பொன்செல்வியை நிர்வாகி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். சந்தையின் மீன் கடைக்காரர்களும், ஐஸ் ஆலைக்காரரும், தீவன ஆலைக்காரரும் கை தூக்கினார்கள், அவள் உட்கார்ந்தாள். அவள் புருஷன் இசக்கிமுருகனும் கை தட்டினான். எல்லாரும் தட்டி நிறுத்திய பிறகும் அவன் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டே இருந்தான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொன்செல்வி எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மீனை வெட்டினால் சதை வீட்டுக்குப் போகும், மிச்சம் குப்பைக்குப் போகும் என்று இருந்த சந்தை அது. கொச்சியிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. தோலை எங்களுக்குக் கொடுங்கள், முகத்துக்குப் பூசும் களிம்புக்கும் மூட்டுவலி மாத்திரைக்கும் அதிலிருந்து சத்து எடுக்கிறோம் என்றது. தலையையும் முள்ளையும் கோழித் தீவன ஆலை கேட்டது. குடலை வெல்லம் போட்டு ஊற வைத்தால் மீன் அமிலம் என்கிற பயிர் உரம். அம்பாசமுத்திரம் பக்கத்து வாழைக்காரர்கள் கேன் கேனாக வாங்கிப் போகிறார்கள். இவர்கள் எல்லாரையும் ஒரே கூட்டாகச் சேர்த்து, கங்கைகொண்டானில் ஒரு கூடம் பிடித்து, மீன் வெட்டும் பெண்களோடு சேர்ந்து குத்தவைத்து உட்கார்ந்து தோலுக்கு ஒரு பெட்டி, தலைக்கு ஒரு பெட்டி, குடலுக்கு ஒரு பெட்டி என்று பழக்கியவள் பொன்செல்வி. அதற்காகத்தான் அந்த நாற்காலி.

முதல் தடவை அனுப்பிய தோல், ஐஸ் கரைந்து நாறிப் போய்த் திரும்பியதையும் பார்த்தோம். இரண்டாவது சரக்கும் திரும்பினால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் நாற்காலி போகும். பொன்செல்வி மறுபடி புருஷன் கடையில் எடைக்கல் எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான்.

அந்த இரண்டாவது சரக்கு இன்றைக்குக் கிளம்புகிறது.

*

தச்சநல்லூர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில், ராத்திரியே வெட்டிப் பிரித்த தோல் நீலப் பெட்டிகளில் ஐஸுக்கடியில் கிடந்தது. சீலாத் தோல், பாறைத் தோல், அணையிலிருந்து வந்த கட்லாத் தோல். விடிந்ததும் விடியாததுமாகப் பொன்செல்வி ஐஸ் ஆலைக்கு ஓடினாள். போன தடவை சூடு கண்ட பூனை அவள்; இந்தத் தடவை ஐஸ் ஒரு மூட்டை கூடவே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தபோது பெட்டிகள் எல்லாம் மூடி, கயிறு கட்டி, குட்டியானை வண்டியில் ஏறியிருந்தன.

"நீ அலைய வேண்டாம்னு நானே ஏத்திட்டேன்," என்றான் இசக்கிமுருகன். "நிர்வாகி பெட்டி தூக்கினா சந்தையில என்ன பேசுவான்?"

"மேல ஐஸ் போட்டியளா?"

"எல்லாம் போட்டாச்சு. நீ முகத்தைக் கழுவிட்டு வா, செல்வி."

அவளுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று அவன் ஒரு சாமானைத் தூக்கியது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்த ஐஸை வண்டியிலேயே ஓரமாகப் போட்டாள். கயிற்றை அவிழ்த்து ஒரு பெட்டியையாவது திறந்து பார்க்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. தூக்கி வைத்தவன் முன்னால் திறந்து பார்த்தால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகுமே என்று விட்டுவிட்டாள்.

மாமியார் ஆறுமுகத்தாய் திருநீற்றுத் தட்டோடு வந்தாள். மருமகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்த அம்மாள், இன்றைக்கு அவள் நெற்றியில் தன் கையாலேயே பூசினாள்.

"போனவாட்டி சரக்கு ஏன் திரும்பிச்சுன்னு நெனைக்க? கண்ணு. ஊர்க்கண்ணு. இந்தவாட்டி திரும்பாது. போயிட்டு வா."

வண்டிப் பக்கத்தில் சாலோமி நின்றாள். சமாதானபுரத்துக்காரி, ஐம்பதைத் தாண்டியவள், சந்தையில் மீன் வெட்டுகிறவர்களில் கை வேகம் கூடியவள். வலது கைச் சுட்டுவிரலில் மஞ்சள் ஊறிய துணியைச் சுற்றியிருந்தாள்.

"என்னக்கா கையில?"

"பாறை மீன் முள்ளு ஏறிட்டு. மஞ்சளை அப்பி வச்சிருக்கேன்."

பொன்செல்விக்குச் சுருக்கென்றது. "கொச்சிக் கம்பெனி மேடம் என்ன சொல்லிட்டுப் போனாவ? ஐஸைத் தவிர ஒண்ணும் தோல்ல படக்கூடாது. உப்புப் படக்கூடாது, மஞ்சள் படக்கூடாது. மஞ்சள் ஏறிட்டுன்னா அந்தத் தோல் களிம்புக்கு ஆகாது."

"நான் தோலைத் தொடலை தாயி. முள்ளு குத்தினதுலேருந்து தலைப் பெட்டிப் பக்கந்தான் உக்காந்திருக்கேன்." அவள் கொஞ்சம் கிட்டே வந்தாள். "செல்வி, ஒரு வார்த்தை சொல்லணும். நீ இல்லாத நேரத்துல..."

"வண்டி கிளம்புதுக்கா. அங்கன போய்ப் பேசுவோம்."

ஒரு வார்த்தை கேட்க நேரமில்லாமல் போனதுதான் அன்றைய நாளின் முதல் கோணல்.

*

கங்கைகொண்டான் கூடத்தில் டெபோரா காத்திருந்தாள். கொச்சிக் கம்பெனியின் தரம் பார்க்கும் அதிகாரி. பாளையங்கோட்டைப் பெண்தான் என்றாலும், வேலை நேரத்தில் ஊரும் தெரியாது உறவும் தெரியாது. ஐஸ் ஆலை முகம்மது இப்ராஹிம் பாயும் வந்திருந்தார். சந்தையிலிருந்து நாலைந்து மீன் வெட்டும் பெண்கள், பெட்டி இறக்குவதற்காக வந்து நின்றார்கள்.

முதல் பெட்டியின் மூடியை டெபோரா திறந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, பொன்செல்வியைப் பார்க்காமல், அடுத்த பெட்டியைத் திறக்கச் சொன்னாள். அதற்கடுத்ததையும்.

ஐஸ் மஞ்சள். அடியில் நின்ற தண்ணீர் மஞ்சள். வெள்ளி மாதிரி மின்ன வேண்டிய சீலாத் தோல், கல்யாண வீட்டுத் தேங்காய் மாதிரி மஞ்சள் பூசிக்கொண்டு கிடந்தது. எல்லாப் பெட்டியிலும் அதே கதை.

பொன்செல்வி ஒரு தோலை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள், மஞ்சள் போகவில்லை.

"யார் செஞ்சது?" என்றாள் டெபோரா.

"தெரியலை மேடம். நான்..."

"தெரியலைன்னு சொல்லாதீங்க. ஒப்பந்தத்துல என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். வேலையாள் கவனக்குறைவுன்னா ஆளை நிறுத்திட்டு இன்னொரு தடவை கேக்கலாம். நிர்வாகத்துப் பக்கத் தப்புன்னா இன்னையோட முடிஞ்சுது. எது?"

கேள்வி சின்னதுதான். பொன்செல்வியின் கண் ஒவ்வொரு முகமாக ஓடியது. ஓடி, சாலோமியின் விரலில் போய் நின்றது.

அந்த நேரத்தில் அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்று சொல்லிவிடலாம். பொய். தோன்றியது. இப்ராஹிம் பாய் அவளுக்குப் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஒரு விரல் மஞ்சள்ல இத்தனை பெட்டி எப்படிம்மா நெறம் மாறும்?" என்று கேட்டது அவள் காதில் தெளிவாக விழுந்தது. விழுந்ததை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது ஒரு ஆள் வேண்டியிருந்தது.

"இவதான் மேடம்," என்றாள். "கையைப் பாருங்க. காலையிலேயே கேட்டேன். மஞ்சளை அப்பிக்கிட்டு வந்து நிக்கா."

சாலோமி திகைத்துப் போனாள். "நானா? ஏளா செல்வி, நான் தோலையே..."

"பேசாத. முன்னாடி மீன் தலை எல்லாம் வெட்டுறவளுக்குன்னு வீட்டுக்குக் கொண்டு போனே. இப்ப தலை தீவன ஆலைக்குப் போகுது. அந்த வயித்தெரிச்சல் உனக்கு. தலை கிடைக்காதவ தோலை நாசம் பண்ணிட்ட."

இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று மீன் சந்தையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெட்டுக்கூலி என்று கையில் கிடைப்பது கொஞ்சம். மீன் தலை அவர்களுடையது என்பது சந்தை உண்டான நாளிலிருந்து உள்ள வழக்கம். அந்தத் தலைக் குழம்பில்தான் சாலோமி வீட்டு அடுப்பு எரிந்தது. கூட்டு வந்ததும் தலைக்கும் பெட்டி வந்தது. "எங்க தலையையும் எடுத்துட்டியளே தாயி," என்று சாலோமி ஒரே ஒரு தடவை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரித்துக் கேட்டதைப் பொன்செல்வி மறக்காமல் வைத்திருந்து, இத்தனை பேருக்கு முன்னால் அவள் மேல் எடுத்து வீசினாள்.

"நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு. இதைச் செஞ்சது யாருன்னு..."

"வாயை மூடுன்னு சொல்லுதேன்லா. இனி இந்தக் கூடத்துல உன் நிழல் விழக்கூடாது."

நின்றிருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும், இந்தக் கூடத்தில் விழக்கூடாது என்றால் எந்தக் கூடத்திலும் விழக்கூடாது. கூட்டில் ஒருவர் நிறுத்திய ஆளை மற்றவர் யாரும் சேர்க்கக்கூடாது என்பது விதி. ஒழுங்குக்காக அந்த விதியை எழுதச் சொன்னவள் பொன்செல்வியேதான். முன்பெல்லாம் ஒரு கடையில் சண்டை போட்டால் அடுத்த கடையில் அரிவாள்மனையைப் போட்டு உட்காரலாம். இப்போது திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் உள்ள கடைகள் எல்லாம் ஒரே கூட்டு. போக இடம் கிடையாது.

சாலோமி இடுப்பில் செருகியிருந்த கையுறையை எடுத்து, ரப்பர் அங்கியையும் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழவில்லை. வெளியே போனாள்.

வண்டியில் சாய்ந்து நின்றிருந்த இசக்கிமுருகன் மட்டும் அவளை வழிமறித்து, "பஸ்ஸுக்கு இருக்காக்கா?" என்று கனிவாகக் கேட்டான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பார்த்துவிட்டு நடந்தாள்.

டெபோரா கையைக் கழுவித் துடைத்தாள். "மேல பேசிட்டு சாயங்காலம் கூப்பிடுதேன். ஆளை நிறுத்தியாச்சுன்னா இன்னொரு தடவை குடுப்பாங்கன்னுதான் நெனைக்கேன். ஆனா நிறுத்தினது நிறுத்தினதா இருக்கணும். அவங்க பேரு எல்லா இடத்துக்கும் போகணும்."

"சரி மேடம்."

மஞ்சள் ஏறிய தோல் மொத்தமும் குடல் தொட்டிக்குப் போயிற்று. வாழைக்கு மஞ்சள் ஒன்றும் செய்யாதாம். மீனில் ஒரு துளி வீணாகக்கூடாது என்பது கூட்டின் கொள்கை. அன்றைக்கும் கொள்கை காப்பாற்றப்பட்டது.

*

மத்தியானம் தச்சநல்லூர் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பொன்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. இசக்கிமுருகனுக்கு நன்றாக இறங்கியது. இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான்.

ஆறுமுகத்தாய்தான் ஆரம்பித்தாள். "தேறிட்டா?"

"திரும்பிட்டு அத்தை."

"திரும்பிட்டா? எப்படித் திரும்பும்?"

"மஞ்சள். பெட்டி பூரா மஞ்சள்."

கிழவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "மஞ்சள்னால சரக்கு திரும்புமா? மஞ்சள் போட்டுக் கழுவுன மீனைத்தானே ஊரே திங்குது."

பொன்செல்வி மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

"என்னளா அப்படிப் பாக்க? நல்லதுக்குத்தான் செஞ்சேன். முதல் சரக்கு நாறித் திரும்பி வந்து நிக்கு. ஊரே வாயில போட்டு மெல்லுது. திருட்டி கழியணும்லா. குடத்துல மஞ்சளைக் கரைச்சு, ஒவ்வொரு பெட்டியா இசக்கியம்மனை நெனைச்சு ஊத்தினேன். நாத்தமும் போகும், கண்ணும் போகும். உனக்காகத்தான் செஞ்சேன்."

உனக்காகத்தான். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த வார்த்தையை மாமியார் வாயிலிருந்து கேட்க வேண்டும் என்று பொன்செல்வி ஏங்கியிருக்கிறாள். கேட்ட நேரத்தைப் பாருங்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அத்தை."

"நீ எங்க இருந்த? அதான் இவன்கிட்ட கேட்டேன். ஊத்தலாமால முருகான்னு கேட்டேன். ஊத்தும்மா, நல்லதுதான்னான். மஞ்சள் டப்பாவை எடுத்துத் தந்ததே அவன்தான். பத்தாது, இன்னும் போடுன்னான்."

இசக்கிமுருகன் மோரை ஊற்றிக்கொண்டான்.

டெபோரா சந்தைக்கு வந்து பாடம் எடுத்த அன்று அவன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் படக்கூடாது என்று அவள் சொன்னபோது, பின்னால் பேசிக்கொண்டிருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டுக்கிடுங்கட்டி," என்று அதட்டியவன் அவன்தான். பொன்செல்வி அதை இப்போது நினைத்தாள்.

"உங்களுக்குத் தெரியும்லா," என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "நிர்வாகியா இருக்கட்டுமான்னு நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? கை தூக்கினானுவ, நீ போய் உக்காந்துட்ட. மறுநாள் சந்தையில எல்லாவனும் கேக்கான், என்ன வே இசக்கி, பொண்டாட்டி கம்பெனியில உமக்கு என்ன வேலை, பெட்டி தூக்கவான்னு. தூக்கினேன். இன்னைக்குத் தூக்கினேன்லா."

"என் வேலையை நாசம் பண்ணிட்டிய."

"உன் வேலை போனா நீ வீட்டுக்கு வருவ. கடைக்கு வருவ. எல்லாம் பழையபடி ஆயிரும். நான் உன்னை அடிக்கலை, வையலை. ஒரு டப்பா மஞ்சள், அம்புட்டுதான்." இலையை மடித்தான். "ஆனா நீ அந்த சாலோமியைப் பிடிச்சியே, அதை நான் எதிர்பார்க்கலை. அதுல தப்பிச்சிட்ட. நீயும் லேசுப்பட்டவ இல்லை."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவன் கெட்டவன் என்பது ஒரு பக்கம்; தன்னைப் பற்றி அவன் கடைசியாகச் சொன்னது உண்மை என்பது இன்னொரு பக்கம்.

ஆறுமுகத்தாய்க்கு இப்போதுதான் பாதி புரிந்தது. புரிந்த பாதியில் பயம் வந்தது. பயம் வந்ததும் பழைய மாமியார் திரும்பி வந்துவிட்டாள்.

"ஏட்டி, எம் பேரை எங்கயும் இழுத்துராத. நான் கொட்டகைப் பக்கமே போகலை. கேட்டா அப்படித்தான் சொல்லுவேன். ஆரு கேட்டாலும்."

"இப்பத்தானே உனக்காகத்தான்னு சொன்னிய."

"சொன்னேன். அதுக்காக? இந்த வயசுல ஊருக்கு முன்னாடி போய் நிக்கச் சொல்லுதியா? அந்த மீன்காரியைச் சொல்லியாச்சுல்லா. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

இசக்கிமுருகன் சட்டையை மாட்டினான். "பாளையங்கோட்டை வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றான், தினமும் சொல்கிற மாதிரி.

*

பொன்செல்வி வெகுநேரம் எச்சில் இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். நிர்வாகியின் புருஷன், தெரிந்தே, அம்மாவைக் கொண்டு சரக்கைக் கெடுத்தான். நிர்வாகத்துப் பக்கத் தப்பு. ஒப்பந்தம் இன்றையோடு முடிந்தது. அவன் நினைத்தது அவன் நினைத்தபடியே நடக்கும். நாளைக் காலையில் அவன் கடையில், அவன் தராசுக்குப் பக்கத்தில், அவள் நிற்பாள்.

சொல்லாவிட்டால் சாலோமி போவாள்.

இரண்டையும் சுமந்துகொண்டு பஸ் ஏறினாள். ஆற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்து போனது. கீழே தாமிரபரணியில் யாரோ துணி அலசிக்கொண்டிருந்தார்கள். போய்க் காலில் விழுந்துவிடலாம், நடந்ததைச் சொல்லிவிடலாம், ரெண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வழி பார்க்கலாம் என்று பாலம் தாண்டுவதற்குள் முடிவு பண்ணினாள். நல்ல முடிவுதான்.

பாளையங்கோட்டைச் சமாதானபுரத்தில் சாலோமியின் வீடு ஒற்றை அறை. அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொன்செல்வியைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"உக்காரு," என்றாள். "நீயும் வருவேன்னு தெரியும்."

பொன்செல்வி உட்கார்ந்தாள். "அக்கா, காலையில நான் பேசினது..."

"உன் மாமியார் மஞ்சளைக் கரைச்சு ஊத்தினா. உன் வீட்டுக்காரர் டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் தலைப் பெட்டியைத் தூக்கிட்டு வந்தவ, பாத்துட்டுத்தான் நின்னேன்."

"அங்கன ஏன் சொல்லலைக்கா?"

"வீட்டுல சொல்ல வந்தேன், வண்டி கிளம்புதுன்ன. கூடத்துல சொல்ல வந்தேன், வாயை மூடுன்ன. மூடிக்கிட்டேன்." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "மஞ்சள் என் விரல்லதான் இருந்துச்சு. நீ அதைச் சொன்னதுல எனக்கு வருத்தம் கொஞ்சந்தான். தலைக்காகச் செஞ்சேன்னு சொன்னியே. அந்த வார்த்தைதான் இன்னும் இங்கன நிக்கு."

"தப்புதான்க்கா. நான் இன்னைக்கே சொல்லிருதேன். மேடம்ட்ட எல்லாத்தையும்..."

"பொறு. இன்னொண்ணும் கேளு. நீயும் வருவேன்னு சொன்னேன்லா. உனக்கு முந்தி உன் வீட்டுக்காரர் வந்துட்டுப் போனார்."

பொன்செல்வி அவளையே பார்த்தாள்.

"கூட்டோட ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல நான் வந்து சொல்லணுமாம். மஞ்சளை ஊத்தச் சொன்னதே நீதான், நாத்தம் தெரியாம இருக்க நீ செய்யச் சொன்னேன்னு. சொன்னா நீ எறங்கணும்; கொச்சிக் கம்பெனி போனாலும் கூட்டு இருக்கும்லா, அதுக்கு அவர் நிர்வாகியாம். அவர் நிர்வாகின்னா எனக்கு வேலை. தலையும் பழையபடி வெட்டுறவளுக்குத்தானாம்."

"நீங்க என்னக்கா சொன்னிய?"

"மாட்டேன்னேன். பொய் சொல்லிப் பிழைக்கணும்னு கர்த்தர் என்னை வைக்கலை, போயிட்டு வாங்கன்னு சொல்லிட்டேன்."

பொன்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. சாலோமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் வெட்டி வெட்டிக் காய்ச்சுப்போன கை. சொல்லத்தான் போகிறாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது போன் அடித்தது. டெபோரா.

பொன்செல்வி எழுந்து தள்ளிப் போயிருக்கலாம். அவ்வளவு சின்ன வாசலில் தள்ளிப் போக எங்கே இடம். எடுத்தாள். டெபோராவின் குரல் வெளியே வரை கேட்டது.

"கேட்டுட்டேன். இன்னொரு தடவை தர்றாங்க. இதுதான் கடைசி. ஆனா ஒண்ணு, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. தப்பு அந்தம்மா பக்கந்தானே? உங்க பக்கம் ஒண்ணும் இல்லையே? அப்படின்னா அவங்க பேரை இப்பவே எல்லாக் கடைக்கும் அனுப்பிருவேன்."

சாலோமி கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தாள்.

பொன்செல்வியின் மனதில் என்ன ஓடியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இசக்கிமுருகன் இலையை மடித்தது ஓடியது. நாளைக்குச் சந்தையில் அவன் அவளைப் பார்த்துச் சிரிக்கப் போகிற சிரிப்பு ஓடியது. அவனிடம் தோற்பதில்லை என்று ஒரு வெறி கிளம்பியது. அதோடு இன்னொரு கணக்கும் ஓடியது: சாலோமிதான் மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே, இவளால் தனக்கு ஆபத்து இல்லை. பொய் சொல்லமாட்டேன் என்கிறவளைக் கைவிடுவது எவ்வளவு சுலபம் என்று பொன்செல்விக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"எங்க பக்கம் ஒண்ணும் இல்லை மேடம்," என்றாள். "அனுப்பிருங்க."

போனை வைத்தாள். சாலோமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அக்கா, இது கொஞ்ச நாளைக்குத்தான். இந்தச் சரக்கு மட்டும் தேறட்டும். அப்புறம் நானே உங்களை..." என்று ஆரம்பித்தாள்.

சாலோமி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். கீரைத் தட்டை எடுத்தாள். அவள் குரலில் கோபம் ஒரு பொட்டு இல்லை.

"வீட்டுக்குத்தானே போற?"

"ஆமாக்கா."

"உன் வீட்டுக்காரர் நம்பர் என்கிட்ட இல்லை. அவர் கேட்டதுக்கு நான் சரின்னு சொன்னேன்னு, நீயே அவர்ட்ட சொல்லிரு."